ஜமால் பாய் வாசலில் ஒரு வளைவு

போன மாதம் ஹெலன் மேடத்தின் ஆபீஸிலிருந்து போன் வந்தது. பேசியது நிவேதா. புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர். நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. முட்டி போய்விட்டது.

"அண்ணே, ஜமால் பாய் வீட்டு டிரைவ்வே படம் பாத்துக்கினு இருக்கேன். கேட்டுலேருந்து போர்ட்டிகோவுக்கு நேரா போவ வேண்டியது, நடுவுல வளைஞ்சு போவுது. எதுக்குண்ணே?"

"கால் வளைஞ்சுது. கல்லும் வளைஞ்சுது."

"புரியலண்ணே. அவர் பையன் பெரிய வண்டி வாங்கியிருக்கார். வளைவுல திருப்ப பேஜாரா இருக்காம். நேராக்கணுமாம். ஆக்கலாமா?"

"ஆக்கலாம். கீழ கெட்டிதான்."

போனை வைத்தேன். பாதிதான் சொன்னேன் என்று பிறகு தோன்றியது. மீதி இது.

என் பெயர் தேசப்பன். பொன்னேரிப் பக்கம். ஐந்தாவதோடு பள்ளி நின்றது. வயல் வேலை, செங்கல் சூளை, அப்புறம் வள்ளூர் அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் ஏற்றுகிற டிப்பரில் லோடுமேன். நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் மேடத்திடம் சேர்ந்தேன். வீடுகளுக்கு வாசல் தோட்டமும் வண்டி போகிற பாதையும் போடுகிற வேலை. கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கல் அடுக்கினேன். தப்பாக அடுக்கினேன். பிரித்து மறுபடி அடுக்கினேன்.

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை எல்லாம் சின்ன மனைகள். கம்பெனியில் வேலை செய்கிறவர்கள், துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள். வாசலில் இருபது அடி, மிஞ்சினால் முப்பது அடி இருக்கும். அதில் கார் நிற்க வேண்டும், துளசி வேண்டும், மல்லி வேண்டும், மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரக் கூடாது. மேடம் படம் போடுவார். நாங்கள் போட்டுக் கொடுப்போம்.

மேடம் என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னை அண்ணே என்பார். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. தப்புச் செய்தால் தப்பு என்று சொல்ல மாட்டார். "இன்னொரு வாட்டி பாருங்கண்ணே" என்பார். அவ்வளவுதான். அதைக் கேட்டால் முதல் கல்லிலிருந்து பிரிப்பேன். டேப் பிடித்தால் ஒரு முனையை அவரே பிடிப்பார். ஒரு வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றி கேட்டுக்கு வெளியே விடுவார். சிமென்ட் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரர் டீ கொண்டு வந்தால் வாங்கிக் கீழே வைப்பார். அது ஆறிப் போகும்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வேறு யாரிடமும் நான் பார்க்காதது. படம் போடுவதற்கு முன் வாசல் முழுக்க மணல் பரப்பச் சொல்வார். கல் உடைக்கிற கிரஷரில் மிஞ்சும் தூள். அதை இரண்டு முறை சலித்து, அரை விரல் கனத்துக்குப் பரப்ப வேண்டும். மட்டப்பலகையால் இழுக்க வேண்டும். பூவாளியில் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். அதிகம் தெளித்தால் பாளம் கட்டும், குறைந்தால் தடம் சரிந்துவிடும். அப்படியே மூன்று நாள் விட வேண்டும். வீட்டுக்காரர்களிடம் மட்டம் பார்க்கிறோம் என்றுதான் சொல்வோம். விஷயம் தெரிந்தால் பார்த்துப் பார்த்து நடப்பார்கள். மூன்றாம் நாள் சாயந்திரம் மேடம் வந்து தடங்களைப் பார்ப்பார். கால் எங்கே போகிறதோ அங்கேதான் பாதை. தடத்தின் மேல் சுண்ணாம்புப் பொடி போட்டுக்கொண்டே போவேன். அதுதான் எங்கள் முதல் படம்.

மணல் வீட்டுக்காரர் சொல்லாததைச் சொல்லிவிடும். பெரியபாளையம் ரோட்டில் ஒரு வீடு. கேட்டிலிருந்து வாசற்படிக்கு நேர்ப்பாதை வேண்டும் என்று மாமனார் கேட்டார். மூன்று நாளில் மருமகளின் தடம் ஒன்றுகூட முன்பக்கம் இல்லை. எல்லாம் சுவரை ஒட்டிப் பின்பக்கம் போயிருந்தது. முன்பக்கம் மாமனார் நாற்காலி போட்டிருந்தார். மேடம் ஒன்றும் கேட்கவில்லை. நேர்ப்பாதையும் போட்டார். பக்கத்தில் சுவரோரமாக நல்ல அகலத்தில் இன்னொன்றும் போட்டு, இருபுறமும் மல்லி வைக்கச் சொன்னார்.

காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டுமிடத்தில் வெல்டர் ஒருவர். மனைவி இறந்து ஒரு வருடம். தனியாகத்தான் இருக்கிறேன் என்றார். மணலில் பொம்பளைச் செருப்பின் தடம் இருந்தது. மேடம் குனிந்து பார்த்தார். செருப்பு சின்னது, அழுத்தம் பெரியது. குதிகால் பின்னால் வெளியே வந்து மணலில் பதிந்திருந்தது. காலையில் பூப்பறிக்க அந்த மனிதர் மனைவியின் செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். செம்பருத்திக்குப் போகிற கல்லை மேடம் நெருக்கி வைக்கச் சொன்னார். சின்ன நடைக்கு ஏற்றபடி. அந்த வெல்டர் ஏன் என்று கேட்கவில்லை.

ஜமால் பாய் வீட்டுக்கு வருகிறேன்.

பாய் பழவேற்காட்டுக்காரர். கருவாடு, இறால் வியாபாரம். பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் ஒரு லேஅவுட்டில் மனை வாங்கி வீடு கட்டியிருந்தார். குடிவந்து ஆறு மாதம். மகளுக்கு நிக்காஹ் வைத்திருந்தார். இருபத்தைந்து நாள் இருந்தது. வாசலில்தான் பந்தல், விருந்து. அதற்குள் கல் போட்டு முடிக்க வேண்டும்.

"நானூறு பேரு நிப்பாங்க மேடம். பிரியாணி தேக்சா வண்டியோட உள்ள வரும். தாங்கணும்."

"தாங்கும் பாய்" என்றார் மேடம்.

சித்திரை மாதம். மணல் பரப்பினோம். நான் தினமும் காலையும் மதியமும் போய்ப் பார்த்தேன். செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போவேன்.

மூன்றாம் நாள் மேடம் வந்தார். சட்டியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

வாசலின் நடுவில் பன்னிரண்டு அடி அகலத்துக்கு மணல் அப்படியே இருந்தது. நான் பலகையால் இழுத்த கோடுகூடக் கலையவில்லை. பாயின் செருப்பு, அவர் மனைவியின் செருப்பு, பிள்ளைகளின் ஷூ எல்லாம் கேட்டிலிருந்து நேராக வந்து, அந்த இடத்தில் விலகி, சுற்றிக்கொண்டு போயிருந்தன. ஒரு நாய் வந்து போயிருந்தது. அதுவும் சுற்றித்தான் போயிருந்தது. யாரோ தட்டு வைத்து எடுத்த மாதிரி வட்டம்.

"ஏன் பாய் இப்பிடிச் சுத்திப் போறீங்க?"

"எப்பிடிப் போறோம்? நேராத்தானே போறோம்" என்றார் பாய். அவருக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருந்தது. கிழக்குப் பக்கம் காம்பவுண்டு சுவர் முடியவில்லை. ஓர் ஆள் நுழைகிற சந்து. அங்கிருந்து வெறும் காலின் தடம் ஒன்று நேராக வந்து வட்டத்தின் விளிம்பில் நின்றது. திரும்பிப் போன தடம் இல்லை.

"எங்க ஊட்ல வெறும் காலோட யாரும் வாசலுக்கு வர மாட்டோம்" என்றார் பாயின் மனைவி. "வெயிலு கொதிக்குது."

நான் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு தடத்திலும் விரல் இரண்டு முறை அழுந்தியிருந்தது. வந்த கால் அதே தடத்தில் பின்னோக்கி வைத்துப் போயிருக்கிறது. முதுகைக் காட்டாமல். அன்று பதினோரு மணிக்கு நான் பார்த்தபோது அந்தத் தடம் இல்லை. இப்போது மூன்று மணி. வெயிலுக்கு வீடு கதவைச் சாத்துகிற நேரத்தில் யாரோ வந்து போயிருக்கிறார்கள்.

மேடம் வட்டத்தின் வடக்குப் பக்கம் நின்று கூப்பிட்டார்.

"அண்ணே, இது உங்க கால்தானே?"

என் இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. நாலு விரல் தடம். என்னுடையதுதான். மூன்று நாளும் நானும் சுற்றித்தான் போயிருக்கிறேன். எனக்குத் தெரியாது. வேலை மும்முரத்தில் நேராகப் போனதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தலையை நிமிர்த்தினேன். வடக்கே மின்சாரக் கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. நான் நின்ற இடத்திலிருந்து இரண்டு கோபுரம் ஒன்றன்பின் ஒன்று மறைந்து ஒன்றாகத் தெரிந்தது. டிப்பரைப் பின்னால் எடுக்கும்போது டிரைவருக்கு நான் வைத்திருந்த குறி அது. இரண்டு ஒன்றானால் நிறுத்து. அதற்குப் பின்னால் கிணறு.

அப்போது இது வயல். பனை இருந்தது, மோட்டார் கொட்டகை இருந்தது. மூன்றடி மண் ஏற்றித் தெருவுக்கு நம்பர் போட்டபின் எந்த அடையாளமும் இல்லை. கோபுரம் மட்டும் நகரவில்லை.

பத்து வருடத்துக்கு முன். அதுவும் சித்திரைதான். மனை போடுகிறவர்கள் கிணற்றைத் தூர்க்கச் சொன்னார்கள். சாம்பல் கொண்டு போனோம். காலை பத்து மணி. ஒரு பொம்பளை கிணற்றோரம் நின்றாள். பெயர் கோவிந்தம்மா. அவள் புருஷன் எத்திராஜ் அந்தக் கிணற்றில் மோட்டார் போடுகிறவன். நிலம் விற்றதும் வேலை போனது. சண்டை போட்டுவிட்டு வெளியே போனவன் மூன்று நாளாக வரவில்லை. அவன் செருப்பு மோட்டார் கொட்டகையில் கிடந்தது.

"உள்ள கீறான் நைனா. பாத்துட்டு கொட்டு" என்றாள்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். கறுப்பாக இருந்தது.

"இருட்டா கீதும்மா. ஒண்ணும் தெரில."

"இப்ப தெரியாது. உச்சி வரட்டும். வெயிலு நேரா உள்ள எறங்கும். அப்ப அடி தெரியும். பாத்துட்டு கொட்டு நைனா."

உச்சிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. டிப்பருக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. நின்றால் கிடையாது. சைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கையைக் காட்டினார். பின்கதவுக் கொக்கியை எடுப்பது லோடுமேன் வேலை. எடுத்தேன்.

முதல் லோடு உள்ளே போனதும் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. தூங்குகிற ஆளைப் புரட்டினால் வருமே, அந்த மாதிரி. நீளமாக. கோவிந்தம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் என்னைப் பார்க்காமல் "தவளை" என்றார். தவளைதான் என்று நானும் வைத்துக்கொண்டேன். மொத்தம் பதினொரு லோடு. கடைசி லோடில் பின்கதவு என் சுண்டுவிரலை எடுத்தது. இரண்டையும் சேர்த்து நான் நினைப்பதில்லை.

எத்திராஜ் தடாப் பக்கம் ஏதோ கம்பெனிக்குப் போய்விட்டான் என்று ஊரில் சொன்னார்கள். பார்த்ததாக யாரும் சொல்லவில்லை.

இதெல்லாம் மேடத்திடம் அன்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"மேல கொஞ்சம் பள்ளம் இருக்கும் மேடம். அதான் ஒதுங்குது."

மேடம் என்னைப் பார்த்தார். "இன்னொரு வாட்டி பாருங்கண்ணே" என்றார். போய்விட்டார்.

மறுநாள் மண் எடுத்தோம். அடியைக் கெட்டிக்க கம்பாக்டர் ஓட்டினேன். நல்ல மண்ணில் அது வயிற்றில் குத்துகிற மாதிரி சத்தம் போடும். வட்டத்துக்குள் போனதும் சத்தம் மாறியது. பானையைத் தட்டுகிற மாதிரி. நிறுத்தவில்லை. ஓட்டி முடித்து ஹோஸைத் திறந்துவிட்டேன். வெளியே தண்ணீர் தேங்கியது. வட்டத்துக்குள் ஒரு சொட்டு நிற்கவில்லை. அரை மணி நேரம் விட்டேன். குடித்துக்கொண்டே இருந்தது.

காலையில் வந்து பார்த்தேன். வட்டம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. ஓரம் வெட்டினாற்போல் சுத்தமாக. மூடி வைத்த மாதிரி.

நானூறு பேர் நிற்பார்கள். மேடத்துக்குப் போன் செய்தேன்.

"கெணறு மேடம். சாம்பல் போட்டுத் தூத்தது."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் தூத்தேன்."

"எத்தனை லோடு?"

"பதினொண்ணு."

"தண்ணி விட்டுக் கெட்டிச்சீங்களா?"

"இல்ல. அப்பிடியே கொட்டுனோம்."

"சரி. அதுல யாரையும் நிக்க விடாதீங்க. வரேன்."

அவர் திட்டியிருந்தால் மீதியையும் சொல்லியிருப்பேன்.

பாயிடம் மேடமே சொன்னார். மனை விற்றவர்கள் கொடுத்த படத்தில் கிணறே இல்லை. பாய் அந்தப் படத்தை எடுத்து வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேடம் ஒரு வழி சொன்னார். கிணற்று விளிம்புக்கு வெளியே இரண்டடி தாண்டிக் கம்பி கட்டி, தடிமனாக கான்கிரீட் மூடி போட்டுவிடலாம். கீழே சாம்பல் இறங்கினாலும் மேலே தாங்கும். பாய் சரி என்றார். எனக்கும் சரியாகத்தான் இருந்தது. மூடி போட்டுவிட்டால் அப்புறம் யாரும் அதைத் திறக்கப் போவதில்லை.

இரண்டு நாள் கம்பி கட்டினோம். மூன்றாம் நாள் காலை கான்கிரீட் மிக்சர் வந்தது. ஜல்லி இறங்கியது. தண்ணீர் டேங்கர் வர நேரமாகி, மணி பன்னிரண்டு ஆனது. ஆட்கள் நிழலுக்குப் போனார்கள். நான் கம்பியோரம் நின்றேன்.

கிழக்குச் சந்து வழியாக அவள் வந்தாள். வெறும் கால். தலையில் முந்தானை. மெலிந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக வந்து விளிம்பில் நின்றாள். கம்பி கட்ட மண்ணைச் சமன் செய்துவிட்டோமே, அங்கே விளிம்பு என்று எதுவும் தெரியாது. கம்பிதான் இருந்தது, அது விளிம்பைத் தாண்டி இரண்டடி. கம்பிக் கட்டத்துக்குள் கால் வைத்து, சரியாகக் கிணற்றின் ஓரத்தில் நின்றாள். தலையைக் குனிந்து கீழே பார்த்தாள். உச்சி வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் நிழல் அவள் காலுக்கடியில் இருந்தது.

அவள் எதற்கு இந்த நேரத்தில் வருகிறாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிறகு கம்பியைப் பார்த்தாள். ஜல்லியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்ததா தெரியாது.

"மறுபடி கொட்டப் போறியா நைனா?"

நான் கம்பியை விட்டு ஓரடி தள்ளி நின்றேன்.

"உச்சிதான் இது. பாத்துட்டு கொட்டு" என்றாள்.

மேடம் போர்ட்டிகோவில் நின்றிருந்தார். பாய் உள்ளேயிருந்து வந்தார். "யாரும்மா நீ, எப்பிடி உள்ள வந்த?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவள் எதிரிலேயே சொன்னேன். எத்திராஜ், செருப்பு, உச்சி வரட்டும் என்றது, கொக்கியை எடுத்தது. சத்தத்தை மட்டும் சொல்லவில்லை. அது வாய்க்கு வரவில்லை.

மிக்சர்காரர் பீடியைப் பற்ற வைக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

பாய் கேட்டார். "இல்லாம போனா?"

"இல்லாம போனா நல்லது" என்றார் மேடம்.

"இருந்தா?"

இருந்தால் போலீஸ் வரும். வீட்டுக்குப் பெயர் வரும். மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போகும். அதை நான் சொல்ல வேண்டியதில்லை. பாயின் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தொழுகைக்கு நேரமாகிவிட்டது. பாய் உள்ளே போனார். கால் மணி நேரம். மேடம் சட்டியைக் கவிழ்த்து அதில் கோவிந்தம்மாவை உட்கார வைத்தார். பாய் வெளியே வந்தார்.

"கம்பியக் கழட்டுங்க. கீழ மய்யித்து கீதா இல்லியான்னு தெரியாம அது மேல நான் பிரியாணி போட மாட்டேன்."

கிராம நிர்வாக அலுவலரிடம் பாயே போய்ச் சொன்னார். தலையாரி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கிணறு தூர் வாருகிற கிரேன் வந்தது. நான் இறங்குகிறேன் என்றேன். வயசாயிடுச்சுண்ணே என்றார் மேடம். இறங்கினேன்.

மேலே இரண்டடி செம்மண். அதற்குக் கீழே இடித்துத் தள்ளிய செங்கல். பிறகு சாம்பல். ஈர மாவு மாதிரி. அதற்கு வாசனையே இல்லை. மண்வெட்டி போட்டால் சத்தமும் இல்லை. பத்தடிக்குக் கீழே போனபோது மேலே பேசுவது கேட்கவில்லை. என் மூச்சு மட்டும் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. யாரோ எதிரில் நின்று மூச்சு விடுகிற மாதிரி. ஆறு நாள் அப்படித்தான்.

தொட்டி தொட்டியாக மேலே போன சாம்பலை வாசலில் பரப்பி, மணல் இழுக்கிற அதே மட்டப்பலகையால் மேடம் இழுத்துப் பார்த்தார். அவரே இழுத்தார். வேறு யாரையும் விடவில்லை. பிளாஸ்டிக் குடம் வந்தது. மோட்டார் குழாய் வந்தது. நாலாம் நாள் எலும்பு வந்தது. தலையாரி எழுந்து நின்றார். பாய் "யா அல்லாஹ்" என்றார். நான் கீழே இருந்தேன், கயிறு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று தெரியாமல் அந்த இருட்டில் நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் கொம்போடு மண்டை வந்தது. ஆடு.

கோவிந்தம்மா தினமும் காலையில் வந்து சட்டியில் உட்கார்ந்துவிடுவாள். பாயின் மனைவி நாஷ்டா கொடுத்தால் சாப்பிடுவாள். ஒருநாள் தலையாரி கேட்டார்.

"இத்தினி வருசமா இப்பிடி வந்துக்கினு இருந்தியா?"

"வேற எங்க போறது?"

"சுவரு கட்டிட்டா இன்னா பண்ணியிருப்ப?"

"கேட்டு கீதில்ல" என்றாள்.

ஆறாம் நாள் அடி தட்டியது. களிமண். முழங்கால் தண்ணீர் நின்றது, மோட்டார் வைத்து இறைத்தோம். கையால் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு சாணாக. மேலே ஏறி வந்து, "ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவள் என்னை நம்பவில்லை. நம்ப வேண்டியதும் இல்லை. "உச்சி வரட்டும்" என்றாள்.

மணி பதினொன்றே கால். எல்லோரும் காத்திருந்தோம். பாயும் கடைக்குப் போகவில்லை. வெயில் கிணற்றுச் சுவரில் கயிறு இறங்குகிற மாதிரி இறங்கியது. செங்கல் ஒவ்வொரு வரிசையாக வெளுத்தது. பன்னிரண்டு தாண்டியதும் அடி மொத்தமும் தெரிந்தது. என் கை தடவிய கோடுகள் களிமண்ணில் இருந்தன. நாலு விரல் காலும் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

கோவிந்தம்மா விளிம்பை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள். நின்றாள். இன்னொரு சுற்று சுற்றினாள்.

"அப்ப அந்தாளு நடந்துதான் போயிருக்கான்" என்றாள். தலையாரி சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார். "செருப்புகூட இல்லாம போயிருக்கான் பாரு."

பிறகு என்னிடம் சொன்னாள். "சரி நைனா. கொட்டு."

கருங்கல் ஜல்லியோடு டிப்பர் தயாராக நின்றது. பின்னால் எடுத்தார்கள். வடக்கே இரண்டு கோபுரம் ஒன்றானது. நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். கொக்கியை நானே எடுத்தேன்.

ஜல்லி உள்ளே போனது. போய் விழுந்ததும் கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது.

அதே சத்தம். நீளமாக. தூங்குகிற ஆளைப் புரட்டின மாதிரி. அடியில் யாரும் இல்லை என்று அத்தனை பேரும் பார்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பாயின் மனைவி கதவுக்குப் பின்னால் போய்விட்டார். மேடம் கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தார்.

"இன்னாய்யா அது?" என்றார் தலையாரி.

கிரேன்காரர் மட்டும் அசையவில்லை. "பக்கச் சுவத்துல எங்கியாவது பொந்து இருக்கும். லோடு எறங்குனா காத்து அடிச்சுக்கினு மேல வரும். சில கெணறு இப்பிடித்தான் சத்தம் போடும்."

கோவிந்தம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கும் இதான் கேட்டுது."

"ஆமா."

"நீயும் கேட்டியா?"

"கேட்டேன்."

என்னை முழுசாகப் பார்த்தாள். "நான் மட்டும்தான் கேட்டேன்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றாள்.

முந்தானையை உதறி, முதுகைக் காட்டி நடந்து போனாள். கேட்டு வழியாக.

கிணற்றை ஒன்றரை நாளில் நிரப்பினோம். ஒவ்வோர் அடிக்கும் தண்ணீர் விட்டுக் கெட்டித்தோம். அவசரமாக வாசலைச் சமன் செய்து கொடுத்தோம். நிக்காஹ் நடந்தது. நானூறு பேர் நின்றார்கள். ஒன்றும் ஆகவில்லை. கல் போடும் வேலை அதற்கு அப்புறம்தான்.

கல் போடுவதற்கு முன் மேடம் மறுபடி மணல் பரப்பச் சொன்னார். கிணறு கெட்டியாகிவிட்டது, எதற்கு என்றேன். "பாப்போம்ண்ணே" என்றார். மூன்று நாள் விட்டோம். கிழக்குச் சந்திலிருந்து வெறும் காலின் தடம் எதுவும் இல்லை. வீட்டு ஆட்கள் வழக்கம்போல் நடந்திருந்தார்கள். பன்னிரண்டு அடி வட்டத்தில் மணல் கலையவில்லை. நாயும் சுற்றித்தான் போயிருந்தது. நாலு விரல் காலும்.

மேடம் அதையே வரைந்தார். நாங்கள் அதன்படி போட்டோம். வட்டத்தில் புல் வைத்தோம்.

நிவேதா, நேராகப் போடலாம். கீழே கெட்டி, அதற்கு நான் பொறுப்பு. ஆனால் கல்லைப் பெயர்ப்பதற்கு முன், அந்தப் புல்லை எடுத்துவிட்டு வாசல் முழுக்க மணல் பரப்பி மூன்று நாள் விடுங்கள். பையனிடம் மட்டம் பார்க்கிறோம் என்று மட்டும் சொல்லுங்கள். அவன் வண்டியை எடுத்துப் போய் வரட்டும். டயர் தடம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் செய்யுங்கள்.